காலிப் பையின் கைவண்ணம்

ரத்தத்தைப் புகழ்பவர்கள் அதன் நிறத்தில் தொடங்குவார்கள். என் வியப்பெல்லாம் சிவப்பணு எதைத் துறந்தது என்பதில்தான். எலும்பு மஜ்ஜையில் முதிரும்போதே உட்கருவை வெளியே தள்ளிவிடுகிறது, மைட்டோகாண்ட்ரியாவும் போய்விடுகிறது. மிஞ்சுவது, துளை போடாமல் நடுவில் அமுக்கி மட்டும் விட்ட மெதுவடை போன்ற ஒரு பை. அதற்குள் ஏறத்தாழ 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள்; ஒவ்வொன்றும் நான்கு ஆக்சிஜன் மூலக்கூறுகளை ஏற்கும். சுமக்கும் ஆக்சிஜனில் சிவப்பணு தனக்கென்று எதையும் எடுப்பதில்லை. குளுக்கோஸை ஆக்சிஜன் இல்லாமலே சிதைத்துப் பிழைக்கிறது. பரிமாற வருகிறவர் வீட்டிலேயே பசியாறி வருவதுபோல. உள்ளே கெட்டியான உட்கரு இல்லாததால்தான், 7 முதல் 8 மைக்ரான் அகலமுள்ள அணு தன்னைவிடக் குறுகலான தந்துகியிலும் மடிந்து நுழைகிறது.

பறவைகளின் சிவப்பணுவில் உட்கரு இருக்கிறதே, அவை பறக்கவில்லையா என்று கேட்கலாம். நியாயம்தான், கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்கு வரும் வரித்தலை வாத்து இமயத்தையே தாண்டுகிறது. ஆகவே உட்கருவைத் துறப்பது ஒரே வழியல்ல, பாலூட்டிகள் கண்ட வழி. உட்கரு இல்லாத நம் சிவப்பணு பழுதைச் சரிசெய்ய முடியாமல் சுமார் 120 நாளில் அழிந்துவிடுகிறதே என்பது இன்னும் வலுவான ஆட்சேபம். ஆனால் மஜ்ஜை நொடிக்கு 20 லட்சத்துக்கும் மேல் புதியவற்றை அனுப்புகிறது. மண்ணீரலும் கல்லீரலும் பழையவற்றிலிருந்து இரும்பைப் பிரித்தெடுத்து, அந்த மஜ்ஜைக்கே திருப்பித் தருகின்றன.