பொருட்காட்சிசாலையில் பாட்டனும் பேரனும்

பொருட்காட்சிசாலையை ஒரு நூலாகக் கருதி மதிப்பிடுவோர் நம்மிடையே மிகச் சிலர். ஆயினும் அதற்கும் ஆசிரியன் உண்டு, நடை உண்டு, யாருக்காக எழுதப்பட்டதென்னும் கேள்வியும் உண்டு.

அண்மையில் நம் தோட்டத்து முதியவர் ஒருவரையும் அவருடைய எட்டு வயதுப் பேரனையும் நகரத்துக் காட்சிசாலையொன்றுக்கு அழைத்துச் சென்றோம். கண்ணாடிப் பெட்டிக்குள் பால்வெட்டும் கத்தியும் ஒரு மங்கும் இருந்தன. விளக்கச் சீட்டோ எறும்பெழுத்து. அதுவும் ஆளுயர மனிதனின் கண்மட்டத்தில்! பையன் கண்டது பெட்டியின் அடிப்பலகையை. பெரியவர் எழுத்தைக் காணவில்லை, கத்தியைக் கண்டார். கண்டதும், "பாரு ராசா, பட்டைய ஆழமா வெட்டினா மரம் புண்ணாயிடும், மறுபட்டை முண்டும் முடிச்சுமா வரும்" என்று தொடங்கினார். அமர ஒரு பலகையேனும் இல்லை. முழங்கால் வலிக்கவே, பாடத்தைப் பாதியில் விட்டு நாற்காலி தேடிப் போய்விட்டார்.

நிற்க. வயதறிந்து காட்சி அமைப்பது புதுமையன்று. இலண்டன் விஞ்ஞானக் காட்சிசாலை 1931லேயே சிறுவர்க்கென ஒரு கூடம் திறந்து, கைப்பிடியைச் சுழற்றினால் இயங்கும் மாதிரிகளை வைத்தது. சிங்கப்பூரில் 2022ல் சிறுவர் காட்சிசாலை தனிக் கட்டடத்தில் எழுந்தது. தேசியக் காட்சிசாலையும் 2023ல் முதியோர்க்கென ஓரிடம் அமைத்தது. இவற்றை நாம் போற்றுகிறோம். ஆனால் பேரன் ஓரிடத்திலும் பாட்டன் வேறிடத்திலும் இருந்தால், கத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டியவர் யாரிடம் சொல்வார்? சொல்லக்கூடியோர் நம் தோட்டங்களில் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர்.

நாம் வேண்டுவது பெருஞ்செலவன்று. பெட்டியைத் தாழ்த்துக, எழுத்தைப் பெரிதாக்குக, இருவர் அமர ஒரு விசுப்பலகை இடுக. அருகே வெட்டுத் தழும்புள்ள மரத்துண்டு ஒன்றை விரலால் தடவிப் பார்க்க வைத்திடுக. வெட்டு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்வது ஏன்? பட்டையினுள் பால்குழல்கள் சற்றே சாய்ந்து செல்வதால், அவ்வாறு வெட்டினால் மிகுதியான குழல்கள் அறுபடும். ஆங்கிலப் பள்ளியில் படித்துக் கிராணியாகி நாடோறும் பாலை நிறுத்துக் கணக்கெழுதும் நமக்கே, இது வெகுகாலம் தெரியாதிருந்தது. வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம்.

திரும்பும் வழியில், பஸ்ஸில் பெரியவருக்கு இருக்கை கிடைத்தது. பேரனின் முன்கையைப் பிடித்து, நகத்தால் மேலிருந்து கீழாகச் சாய்வாக ஒரு கோடு இழுத்தார். பையன் மறுகையையும் நீட்டினான்.