ஓரிக் குதிரையின் தாய்

கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளும் ஏறிச் செம்மேட்டில் இறங்கினால், அந்த மலையை ஆண்ட வல்வில் ஓரி சிலையாகக் குதிரைமேல் இருக்கிறான். ஆடிப் பதினெட்டை ஒட்டி ஆண்டுதோறும் அரசு விழா. வருகிறவர்கள் அவன் வில்லைப் பார்ப்பார்கள். எனக்குக் கண் குதிரைமேலேயே போகும். அதற்கும் ஓரி என்றுதான் பெயர். அவனைப் போரில் கொன்ற மலையமான் காரி ஏறிய குதிரைக்கும் காரி என்றே பெயர் என்கிறது சிறுபாணாற்றுப்படை. பாடிய புலவர் எஜமானையும் குதிரையையும் ஒரே பெயரில் கட்டிவிட்டார். ஓரிக் குதிரையை ஈன்ற பெட்டை எது, எந்த லாயத்தில் நின்றது என்பதை மட்டும் சொல்லவில்லை.

குற்றமில்லை. நம் பக்கத்தில் குதிரை பெரும்பாலும் கப்பலில் வந்து இறங்கிய சரக்கு. காவிரிப்பூம்பட்டினத்துக்கு அது கடல் வழியே வந்ததைப் பட்டினப்பாலையே பேசுகிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டி நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அரசர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரை வாங்குவதையும், பராமரிக்கத் தெரிந்த ஆளில்லாமல் அவை மடிவதையும் எழுதிவைத்தார். நல்ல ஆணையும் நல்ல பெட்டையையும் சேர்த்தாலும் கால் கோணிய குட்டிதான் பிறக்கிறது என்று இன்னொரு குறை. கறியும் சோறும் வேகவைத்துப் போட்டார்களாம். என் சந்தேகமெல்லாம் அந்தச் சோற்றின் மேல்தான். புல்லும் கொள்ளும் மெல்ல வேண்டிய சினைக் குதிரைக்குக் கறிச்சோறு போட்டால் வயிற்றுக் குட்டிக்கு எலும்பு எப்படி நேராக ஊறும்?

வளர்ப்பில் கோட்டை விட்டாலும் பெயர் வைப்பதில் நாம் கோட்டை விடவில்லை. தொல்காப்பிய மரபியல் பெண் குதிரையைப் பெட்டை என்கிறது, குட்டியைக் கன்று என்கிறது, ஆண் குதிரையைச் சேவல் என்றும் சொல்லலாம் என்கிறது. கொல்லிமலையை விட்டு இறங்கினால் முட்டைக்குப் பேர்போன நாமக்கல். அங்கே போய்ச் சேவல் என்று குதிரையைச் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் கழுத்தை வில்லாக வளைத்து, வாலைத் தூக்கி, பெட்டையின் முன் ஓர் ஆண் குதிரை நடைபோடுவதைப் பார்த்தவருக்கு அந்தச் சொல்லின் நியாயம் விளங்கிவிடும்.

இனவிருத்தியின் கலை அந்த நடையில் இல்லை. பெட்டையைப் படிப்பதில் இருக்கிறது. ஏறக்குறைய 21 நாளுக்கு ஒரு சுற்று, அதில் ஐந்து முதல் ஏழு நாள் பருவம். வெளிச்சம் கூடக்கூடத்தான் பெட்டைக்குப் பருவம் எழும். அதனால் குளிர்நாடுகளில் டிசம்பரிலேயே லாயத்தில் விளக்கெரித்து, 16 மணி நேரப் பகலைக் காட்டி ஏமாற்றுகிறார்கள். கொல்லிமலையின் அட்சரேகையில் ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒன்றேகால் மணி நேரந்தான். இங்கே சூரியனே பாதி வேலையைப் பார்த்துவிடுகிறது.

பருவத்தை அறிய வேலிக்கு அப்பால் ஓர் ஆண் குதிரையைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். டீசர் என்று பெயர். சினிமா டீசர் மாதிரிதான், படம் மட்டும் அவனுக்குக் கிடையாது. பருவம் இல்லாத பெட்டை காதை மடித்துப் பின்னங்காலை வீசும். பருவத்தில் இருப்பது வாலை ஒதுக்கி, காலை அகட்டி, கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுநீர் விட்டு அசையாமல் நிற்கும். நல்ல கை படைத்த லாயக்காரர் அது நிற்கும் நிலையிலேயே நாள் கணக்கு சொல்வார். டாக்டர் ஸ்கேனில் கருமுட்டைப் பையைப் பார்ப்பார். அது சுமார் 35 முதல் 45 மில்லிமீட்டர் வரை வளர்ந்து வெடிக்கும். பருவம் முடிவதற்கு ஓரிரு நாள் முன்பு அது நடக்கும் என்பதால், சேர்க்கும் நாளைத் தவறவிட்டால் மூன்று வாரம் காத்திருக்க வேண்டியதுதான்.

எனக்கு இதில் தீராத வியப்பு அடுத்த பதினாறு நாள். பசுவின் கரு நீண்டு தன் இருப்பைச் சொல்லும். குதிரையின் கரு உருண்டையாகவே இருந்துகொண்டு, கருப்பையின் இரு கொம்புகளிலும் மேலும் கீழும் அலைகிறது. ‘வந்துவிட்டேன்’ என்று எல்லா அறைக் கதவையும் தட்டிப் போகிறது. அந்தத் தட்டல் கேட்காவிட்டால் தாய் சினையே இல்லை என்று முடிவுகட்டி அடுத்த பருவத்துக்குப் போய்விடும். பதினாறாம் நாள்வாக்கில் ஓர் இடத்தில் ஒட்டும். இரட்டை தென்பட்டால் அதற்குள் ஒன்றை டாக்டர் நசுக்கிவிடுவார். கல்நெஞ்சு என்று தோன்றும். ஆனால் இரண்டையும் விட்டுவைத்தால் பெரும்பாலும் இரண்டுமே கலைந்துபோகும்.

பதினோரு மாதம் கழித்து மடி இறங்கும். காம்பு நுனியில் மெழுகுபோல் துளி கட்டினால், ஓரிரு நாளில் ஈன்றுவிடும் என்று லாயத்தில் படுக்கை போட்டுக் காவல் இருப்பார்கள். காவலாளி டீ குடிக்கப் போகும் நேரம் பார்த்துத்தான் அது ஈனும். இரவின் அமைதி வரும்வரை ஒத்திப்போடத் தெரிந்த பிராணி. குட்டி ஒரு மணி நேரத்துக்குள் எழ வேண்டும், இரண்டுக்குள் சீம்பால் குடிக்க வேண்டும், மூன்றுக்குள் நஞ்சுக்கொடி விழ வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் டாக்டருக்குப் போன் போகும்.

பந்தயத் தரோபிரெட் குதிரையை மட்டும் இன்றும் இயற்கையாகச் சேர்த்தால்தான் பதிவு. செயற்கைக் கருவூட்டலுக்கு அங்கே இடமில்லை. மார்வாரி இனக் குதிரைக்கு அந்தத் தடை கிடையாது. பிகானேரில் தேசியக் குதிரை ஆராய்ச்சி மையத்தார் 2023இல் கரு மாற்று முறையில் ஒரு மார்வாரிக் குட்டியை வாடகைத் தாய் வழியே பிறக்கவைத்தார்கள். ராஜ்-பிரதமா என்று பெயர். பெற்ற தாய் யார் என்பதற்கே இனி விளக்கம் தேவைப்படும்.

ஓரிக்கு விழா எடுக்கும் ஆடியில்தான் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையும் கூடுகிறது. உள்முகமாக வளைந்து நுனி தொட்டுக்கொள்ளும் காதுகளோடு மார்வாரியும் கத்தியவாரும் நிற்கும். கூட்டம் நிறத்தையும் சுழியையும் நாலு கால் வெள்ளையோடு முக வெள்ளையையும் பார்த்துப் பஞ்ச கல்யாணி என்று விலை பேசும். ஒருமுறை நானும் ஒரு செம்பழுப்புக் குட்டியின் காலைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“காலை அப்புறம் பாக்கலாமுங்க. மொதல்ல இதோட தாயப் பாருங்க” என்றார் அதைக் கொண்டுவந்தவர். செல்போனை எடுத்து, வெயிலுக்குக் கையால் மறைத்துக் காட்டினார். தென்னந்தோப்பில் ஒரு பெட்டை, வயிறு சரிந்து, கண் பாதி மூடி நின்றது.

“பேரு என்னங்க?”

“பேரெல்லாம் வெக்கலீங்க. அம்மான்னுதான் கூப்புடறது.”