தூரைப் பார்ப்பவர்கள்

சென்னையில் புதிதாக எழும் அடுக்ககம் எதுவானாலும் வாசலில் இரண்டு ஃபாக்ஸ்டெயில் பனை நிற்கும். ஓலை நாலா பக்கமும் சிலிர்த்து நிற்கும் அந்த மரத்துக்கு 1983 வரை தாவரவியலில் ஒரு பெயர்கூடக் கிடையாது. ஆஸ்திரேலியாவின் வடகிழக்கில் கேப் மெல்வில் பாறைக்குன்றுகளில் மட்டும் இருந்தது. விஷயம் வெளியே வந்ததும் விதைக்கு அடிபிடி, காட்டில் திருட்டு. இன்று நர்சரிகளில் வரிசை கட்டி நிற்கிறது. வாங்குகிறவர்கள் இன்னும் 'ரேர் வெரைட்டி' என்றே நம்புகிறார்கள். அதற்குப் பக்கத்தில் தொப்பையோடு நிற்கும் பாட்டில் பனை, மொரீஷியஸை அடுத்த ரவுண்ட் தீவைச் சேர்ந்தது. அதன் நெருங்கிய உறவுப் பனை ஒன்றில் உலகத்தில் எஞ்சியிருப்பது ஒரே மரம். மொரீஷியஸின் க்யூர்பிப் தாவரத் தோட்டத்தில் நிற்கிறது. ஆண் பூவும் பெண் பூவும் அதே மரத்தில்தான், ஆனால் வெவ்வேறு சமயத்தில் மலரும். மகரந்தம் கடன் வாங்கப் பக்கத்து மரம் இல்லை.

அரிய பனை என்றதும் விலையைக் கேட்பவர்கள் ஒரு ரகம். எனக்குப் பிடித்தவர்கள் குனிந்து தூரைப் பார்ப்பவர்கள். வேம்பும் புங்கமும் வருடாவருடம் பருக்கும்; பனை இனத்துக்கு அந்த வசதி இல்லை. மண்ணை விட்டு எழுவதற்கு முன்பே தண்டின் அகலத்தைத் தேடிக்கொண்டுவிடும், பிறகுதான் உயரம். அதனால் நட்ட சில ஆண்டுகள் 'வளரவே மாட்டேங்குதே' என்ற புலம்பல் கேட்கும். வடலிக் காட்டில் நடந்தவர்கள் புலம்ப மாட்டார்கள். தூர் எவ்வளவு பருத்திருக்கிறது, குருத்து நேராக நிற்கிறதா, இரண்டையும் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். வளர்ந்த மரத்தில் தண்டு ஓரிடத்தில் ஒடுங்கியிருந்தால், அந்த உயரத்தில் இருந்தபோது அது தண்ணீருக்குத் தவித்திருக்கிறது, அல்லது வேர் அடிபட்டிருக்கிறது. எவ்வளவு உரம் போட்டாலும் அந்த ஒடுக்கம் மறையாது.

இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டிய மரம் பிஸ்மார்க் பனை. மடகாஸ்கரின் மேற்கு, வடக்குப் புல்வெளிகளில் வளர்வது. 1881இல் ஜெர்மானியத் தாவரவியலாளர்கள் தங்கள் சான்சலரின் பெயரை வைத்துவிட்டார்கள். மரத்தின் மேல் தவறில்லை. அந்த ஓலையின் நிறத்தை நீலம் என்பதா சாம்பல் என்பதா என்று தீர்மானிக்க முடியாது. மேலே படிந்திருக்கும் மெழுகுதான் காரணம். கட்டைவிரலால் தேய்த்தால் அடியில் பச்சை தெரியும். சித்திரை நண்பகலில் மற்ற மரங்களெல்லாம் வெளிறிக் கிடக்க, இது மட்டும் வெள்ளியாகத் தகதகக்கும். ஓலையின் விரிப்பும் மட்டையின் மிடுக்கும் எங்கேயோ பார்த்தமாதிரி இருந்தால், அது பிரமையல்ல. நம் ஊர்ப் பனையும் செஷல்ஸின் இரட்டைத் தேங்காயும் இதுவும் ஒரே கிளையைச் சேர்ந்தவை. ஆணா பெண்ணா என்பது பாளை விட்டால்தான் தெரியும், நம் பனையில் போலவே. விதையும் அப்படியே: முளை மேலே வராது, பனங்கிழங்கைப் போல முதலில் கீழே இறங்கும். ஆழமில்லாத தொட்டியில் அது மடங்கிச் சுருளும். பெரிய மரமாக வாங்கி, வேரை வெட்டி, கிரேனில் கொண்டுவந்து நட்டு, ஆறு மாதத்தில் குருத்து காய்ந்து நிற்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. பனங்கொட்டை புதைக்கிற கை அந்த வேலையைச் செய்திருக்காது. நிற்க வேண்டிய இடத்திலேயே விதையைப் போட்டுவிட்டால், சென்னை வெயில் அதற்குச் சொந்த ஊர் வெயில்தான்.

லிப்ஸ்டிக் பனை வேறு கதை. மலேயா, சுமத்ரா சதுப்புக்காட்டின் அந்தச் சிவந்த தண்டைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் நம் ஆழ்துளைக் கிணற்றின் உப்பையும் கத்திரி வெயிலின் மேல்காற்றையும் அது தாங்காது. தண்ணீர்த் தொட்டிக்குள் தொட்டி வைத்து, நிழல்வலை கட்டி வளர்க்கிறவர்கள் உண்டு. அவர்கள் பொறுமைக்கு ஒரு கும்பிடு, எனக்கு வேண்டாம்.

எந்தப் பனையை நட்டாலும், நம் கடலோர மணல் தண்ணீரை வடித்துவிடும், அதோடு சத்தையும். பொட்டாசியம் குறைந்தால் மரம் அடி ஓலைகளிலிருந்து உறிஞ்சிக் குருத்துக்கு அனுப்பும். கீழே உள்ளவை மஞ்சளாகும். உடனே தோட்டக்காரர் அரிவாளோடு வந்து 'சுத்தம்' பண்ணுவார். சேமிப்பைப் பறிகொடுத்த மரம் அடுத்த அடுக்கில் கைவைக்கும், அதுவும் மஞ்சளாகும், அதையும் வெட்டுவார். கடைசியில் உச்சியில் நாலு ஓலை நட்டுக்கொண்டு நிற்கும். அதைத்தான் பராமரிப்பு என்கிறார்கள்! முழுதும் காயும் வரை கீழ் ஓலையைத் தொடாமல் விட்டால் போதும். காண்டாமிருக வண்டுக்கு மட்டும் இரக்கம் கூடாது. விரிந்த ஓலை கத்தரித்ததுபோல் வெட்டுப்பட்டிருந்தால், வண்டு குருத்தில் புகுந்திருக்கிறது. மட்டைக் கக்கத்தில் மணலும் வேப்பம்பிண்ணாக்கும் கலந்து போடுவது தென்னைக்காரர்களின் பழைய வழி. மடகாஸ்கர் மரத்துக்கும் அதுவே பலிக்கும்.

எல்லா அரிய பனையையும் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்பதில்லை. பொதிகை மலைப் பக்கம் செங்குத்துப் பாறையில் தொற்றி நிற்கும் காட்டுக்கமுகு ஒன்று உண்டு. சென்னை மாகாண ஆளுநராக இருந்த பெண்டிங்கின் பெயரால் தாவரவியலார் அதைப் பெண்டிங்கியா என்கிறார்கள். அதன் இளங்குருத்து யானைக்கு உயிர். யானை ஏற முடியாத இடத்தில்தான் அது பிழைத்திருக்கிறது. மலைக்குளிர் மரம், கடற்கரைக்கு ஒவ்வாது. அங்கேயே போய்ப் பார்க்கலாம்.

தாளிப்பனை அப்படியல்ல, சமவெளிக்கும் வரும். ஓலை ஒன்றே ஐந்து மீட்டர் வரை அகலம், ஒரு கிரவுண்டு மனையில் வைத்தால் வீட்டுக்கு இடமிருக்காது. கல்லூரி வளாகத்துக்கோ கோயில் நந்தவனத்துக்கோதான் சரி. முப்பது முதல் எண்பது ஆண்டு வரை ஓலை மட்டும் விடும். பிறகு உச்சியில் ஆறேழு மீட்டருக்கு ஒரே ஒரு பூங்கொத்து, அதில் லட்சக்கணக்கான பூக்கள். ஓர் ஆண்டு போலக் காய் முற்றி உதிர, மரமும் சாயும். உங்கள் ஊர்ப் பக்கம் ஒன்று பாளை விட்டிருந்தால் அடுத்த ஆண்டு கோணிப்பையோடு போங்கள். காய்ந்த விதை வேண்டாம், புதிதாக உதிர்ந்ததாக எடுங்கள். மணலைக் குவித்து ஆழமாகப் போடுங்கள், கிழங்குக்குப் போடுவதைப் போலவே.