கும்பினியும் தலைவனும்: வன்னியில் ஒல்லாந்தர் ஆட்சியை முன்வைத்துச் சில விமர்சனக் குறிப்புகள்

வரலாற்றைத் தனிமனிதரின் குணநலன்களைக்கொண்டு விளக்கும் போக்கு தமிழ் இலக்கிய உலகிற்குப் புதியதன்று. மன்னனின் செங்கோல் வழுவாதிருப்பின் மழை தவறாது என்று நம்பிய மரபொன்றின் வாரிசுகள் நாம். அந்நம்பிக்கை நிலமானிய சமுதாயத்தோடு ஒழிந்துவிட்டதென எண்ணுவோர் இன்றைய முகாமைத்துவ ஆய்வுகளைப் புரட்டிப் பார்த்தல் நன்று. அங்கே மன்னனின் இடத்தில் பிரதம நிறைவேற்று அதிகாரி அமர்ந்திருக்கிறார். மழையின் இடத்தில் இலாபம் பொழிகிறது.

1984ஆம் ஆண்டு ஹம்பிறிக், மேசன் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர் வெளியிட்ட கட்டுரை இத்துறையில் ஒரு திருப்பமாகக் கொள்ளப்படுகிறது. ஒரு நிறுவனம் அதன் உச்சியில் இருப்போரின் பிரதிபலிப்பே என்பது அவர்களது வாதத்தின் சாரம். தலைவரின் வயது, கல்வி, முன்னர் ஆற்றிய தொழில், பிறந்த குடும்பத்தின் சமூகநிலை ஆகியவை அவர் உலகை நோக்கும் முறையை வரையறுக்கின்றன. அந்நோக்கே நிறுவனத்தின் முடிவுகளாகிப் பெறுபேறுகளாக வெளிப்படுகிறது என்பர். 2003இல் பேர்ட்றண்ட், ஷோர் இருவரும் ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறிச் சென்ற முகாமையாளரைத் தொடர்ந்து நோக்கி, அவர்கள் தத்தம் பாணியைத் தம்முடன் எடுத்துச் செல்கின்றனர் என்று காட்ட முயன்றனர். 2005இல் மால்மெண்டியர், டேற் ஆகியோர், தம்மீது மிகையான நம்பிக்கை கொண்ட தலைவர்கள் முதலீட்டு முடிவுகளை எடுக்கும் முறையில் பிறரினின்றும் வேறுபடுகின்றனர் என எழுதினர். இவை எளிதில் ஒதுக்கத்தக்க ஆய்வுகள் அல்ல. கணக்கு நுட்பமானது, தரவும் மிகுதி. ஆயினும் ஒரு வினா எஞ்சுகிறது. தலைவனின் குணம் எதை மாற்றுகிறது? நிறுவனம் செல்லும் திசையையா, செல்லும் நடையையா?

இவ்வினாவுக்கு விடைதேட நியூயோர்க் பங்குச்சந்தைக்குப் போகவேண்டியதில்லை. உலகின் முதற்பெரும் பங்குமுதற் கம்பனிகளுள் ஒன்று ஒன்றேகால் நூற்றாண்டுக்கு மேலாக வன்னிநிலத்தோடு கொண்டிருந்த உறவைப் பார்ப்பது போதுமானது. 1602இல் தோன்றிய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியையே நம் முன்னோர் கும்பினி என்றனர். அச்சொல்லை அரசுக்குரிய சொல்லாகவே அவர்கள் வழங்கியமை கூர்ந்து நோக்கற்பாலது. வரி கேட்டதும் வணிகம் செய்ததும் தண்டித்ததும் ஒரே கைதான். ஒல்லாந்தில் பதினேழு பணிப்பாளர், பத்தாவியாவில் மகாதேசாதிபதி, கொழும்பில் தேசாதிபதி, யாழ்ப்பாணத்தில் கொமாண்டர் என்று அதிகாரப்படி இறங்கிவந்தது. 1658இல் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் வசமானபோது, அதன் எல்லைக்குத் தெற்கே பனங்காமம், கரிக்கட்டுமூலை, கருநாவல்பற்று, முள்ளியவளை, மேல்பற்று, தென்னமரவடி எனப் பரந்துகிடந்த காட்டுநிலம் வன்னியரின் கையில் இருந்தது. அவர்களின் அமைப்பினைப் பேராசிரியர் சி. பத்மநாதன் 'வன்னியர்' (1970) என்னும் நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். அதனை இங்கு மீள எழுதுதல் வேண்டா.

கும்பினி வன்னியிடம் வேண்டியது யானை. வன்னியர் ஆண்டுதோறும் திறையாகச் செலுத்தவேண்டிய யானைகள் நாற்பதுக்கு மேற்பட்டவை. காட்டில் பிடிக்கப்பட்ட யானை பரவைக்கடலைக் கடந்து குடாநாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்ட வழிக்கு ஆனையிறவு என்னும் பெயர் நின்றுவிட்டது. யாழ்ப்பாணத்தில் அவ்யானைகளை வாங்கக் கோல்கொண்டா முதலிய இடங்களிலிருந்து வணிகர் வந்தனர். பிடிக்கும் உழைப்பு வன்னிக் குடிகளுடையது. விற்கும் உரிமை கும்பினியுடையது. இத்தகைய ஏற்பாட்டில் வன்னியை நேரடியாக ஆளும் செலவைக் கும்பினி ஏன் ஏற்கவேண்டும்? திறை வந்தால் போதும்.

இப்பொழுது தலைவர்களைப் பார்ப்போம். இக்காலப்பகுதியில் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் பதவியிலிருந்தோர் குணத்தால் ஒருவரை ஒருவர் ஒத்தவரல்லர். றிக்லோவ் வான் கூன்ஸ் ஆதிக்க வேட்கை மிக்கவர். 1660களில் இலங்கையின் கிழக்குக் கரையோரம் முழுவதையும் கைப்பற்ற முனைந்து, செலவுக்கஞ்சிய பத்தாவியாவோடு ஓயாது வாதிட்டவர். சின்னப்பா அரசரத்தினம் 1958இல் வெளியிட்ட ஆய்வு இம்முரண்பாட்டைத் தெளிவாகக் காட்டும். அவருக்குப் பின் 1680 முதல் 1692 வரை தேசாதிபதியாயிருந்த லோறன்ஸ் பைல் நிதானமானவர். 1726இல் வந்த பேத்துறுஸ் வைஸ்ற் கொடியவர் என்பதில் ஐயமில்லை. அவர் இழைத்த கொடுமைகளுக்காகக் கும்பினியே அவரைக் கைதுசெய்து விசாரித்து 1732இல் பத்தாவியாவில் கொன்றது. மாறாக, 1765 முதல் 1785 வரை ஆண்ட இமான் வில்லெம் பல்க் கொழும்பிலே பிறந்தவர். ஒல்லாந்தில் சட்டம் கற்றவர். இந்நாட்டு மக்களின் வழக்கங்களை அறிய ஆர்வங்கொண்டவர். நேர்மையும் மென்மையும் வாய்ந்தவர் என்று வரலாற்றாசிரியர் பலரும் போற்றுவர்.

ஹம்பிறிக், மேசன் கூற்றின்படி வைஸ்ற் காலத்தில் வன்னியில் வாள் வீசப்பட்டிருக்கவேண்டும். பல்க் காலத்தில் சமாதானம் நிலவியிருக்கவேண்டும். நடந்தது மறுதலை. கொடியவரின் ஆட்சியில் வன்னியர் திறையோடு விடப்பட்டனர். மென்மையானவரின் ஆட்சியிலேதான், 1782இல், கும்பினியின் படை வன்னிக்குள் புகுந்தது. குடிகள் காட்டிய எதிர்ப்பு அப்படை எதிர்பாராதது. வன்னிச்சி மரியா செம்பாத்தையைச் சிறைப்பிடித்துக் கொழும்புக் கோட்டையில் அடைத்துவைக்க நேர்ந்ததென எமர்சன் டெனன்ற் 1859இல் எழுதிய நூல் கூறுகிறது.

இம்மாற்றத்தின் காரணத்தைப் பல்க்கின் நெஞ்சில் தேடுவார் கண்டடையமாட்டார். 1780இல் ஒல்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் இடையில் போர் மூண்டது. 1781 நவம்பரில் நாகபட்டினம் ஆங்கிலேயர் வசமாயிற்று. சோழமண்டலக் கரையிலிருந்து வரும் அரிசியை நம்பியிருந்த கும்பினிக்கு அந்த வாயில் அடைபட்டது. 1782 சனவரியில் திருகோணமலையும் ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. அவ்வாண்டு ஓகஸ்டில் பிரெஞ்சுக்காரர் அதனைப் பறித்தனர். யானை வாங்கிய தென்னிந்திய அரசுகளோ பீரங்கிக்கும் துப்பாக்கிக்கும் மாறிக்கொண்டிருந்தன. கும்பினி கடனில் மூழ்கியிருந்தது. யானை தரும் காடாக இருந்த வன்னி இப்போது நெல் தரும் குளநிலமாகக் கும்பினியின் கண்ணில் பட்டது. திறைக்கு இடைத்தரகராக வன்னியன் வேண்டும். நெல்வரிக்கு அவன் தடை. நிலத்தின் பயன் மாறியபோது நிலத்தின் மீதான அதிகாரத்தின் வடிவமும் மாறியே தீரும். பல்க் கையொப்பமிட்டார் என்பது மெய். அவ்விடத்தில் வேறொருவர் இருந்திருப்பின் கையெழுத்து வேறாயிருந்திருக்கும்.

இதற்கு இன்னுமொரு சான்றுண்டு. வன்னி கைப்பற்றப்பட்டபின் லெப்டினன் தோமஸ் நாகெல் என்னும் படை அதிகாரியின் நேரடி ஆட்சியின்கீழ் விடப்பட்டது. அதே காலத்தில் மட்டக்களப்பில் கும்பினியின் தலைவராக யாக்கொப் பேணாண்ட் இருந்தார். முன்னவர் 1793இல் வன்னியைப் பற்றிய விவரணத்தையும் பின்னவர் 1794இல் மட்டக்களப்பைப் பற்றிய அறிக்கையையும் எழுதினர். ஒருவர் போர்முனையில் வென்றெடுத்த நாட்டை ஆண்டவர், மற்றவர் நிருவாகி. இருவரும் செய்தது ஒன்றே: உள்ளூர்த் தலைவர்களின் அதிகாரத்தைக் குறுக்கி, கும்பினியின் நெல் வருவாயைப் பெருக்குதல். குணம் வேறாயிருந்தும் செயல் ஒன்றாவது ஏன் என்பதே நம் வினா. மூலதனத்தின் முதற்பாகத்துக்கு எழுதிய முன்னுரையில் மார்க்ஸ், முதலாளியையும் நிலக்கிழாரையும் பொருளாதார உறவுகளின் ஆளுருவங்களாகவே தாம் கையாள்வதாகக் கூறியதன் பொருள் இத்தகைய இடங்களில் துலங்குகிறது.

இனி, இலக்கிய மாணவன் என்றவகையில் என் கவனத்தை ஈர்ப்பது வேறொன்று. தலைவனே அனைத்துக்கும் காரணம் என்னும் எண்ணம் எங்கிருந்து வந்தது? அது அத்தலைவர்கள் எழுதிய உரைநடையிலிருந்தே பிறந்தது என்பேன். கும்பினியின் உயர் அதிகாரி பதவியை விட்டு நீங்கும்போதோ நெடும்பயணம் போகும்போதோ, பின்னிருப்போருக்கு வழிகாட்டியாக ஓர் அறிக்கை எழுதிவைத்தல் வழக்கம். யாழ்ப்பாணக் கொமாண்டர் ஹென்றிக் சுவார்டகுறூன் மலையாளக் கரைக்குச் சென்றபோது 1697இல் எழுதிவைத்தது அவற்றுள் புகழ்பெற்றது. சோபியா பீற்றர்ஸ் அதனை ஆங்கிலத்தில் பெயர்த்து 1911இல் வெளிவந்தது. வன்னியர், யானை, சாயவேர், பனைமரம், பள்ளிக்கூடம், கோட்டை எனத் தலைப்புத் தலைப்பாக அவ்வறிக்கை நகர்கிறது. வன்னியரிடம் யானைத்திறை நிலுவையாக நின்றமை அங்கே முறைப்பாடாகிறது. அறிவுறுத்துபவர் ஒருவர், கீழ்ப்படிவோர் பலர். காட்டில் யானையைப் பிணித்தவனுக்கோ, சாயவேரைக் கிண்டியெடுத்தவனுக்கோ அவ்வுரைநடையில் எழுவாயாகும் உரிமை இல்லை. அவர்கள் செயப்படுபொருள்களாகவே வந்துபோகின்றனர். வினைமுற்றுகள் யாவும் தலைவனுக்குரியவை.

இன்றைய கம்பனிகளின் ஆண்டறிக்கையில் முதற்பக்கத்தை அலங்கரிக்கும் 'தலைவரின் செய்தி' இவ்வகை எழுத்தின் நேர்வழி வாரிசு. 2009இற்குப் பின்னர் கிளிநொச்சியிலும் ஆடைத் தொழிற்சாலைகள் திறக்கப்பட்டன. போரில் உற்றாரை இழந்த பெண்கள் பலர் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்தனர். இத்தொழிலின் முன்னேற்றத்தைப் பேசும் செய்திகளில் தலைமையின் தொலைநோக்குக்கு ஒரு பந்தி தவறாது கிடைக்கும். அவர்களின் உழைப்பு ஒரு எண்ணிக்கையாகச் சுருங்கும். முகாமைத்துவ ஆய்வாளர் இத்தகைய ஆவணங்களையும் தரவாகக் கொள்வர். சிலர் அறிக்கையில் தலைவரின் நிழற்படம் எத்துணைப் பெரிதாக அச்சிடப்பட்டுள்ளதென அளந்து அவரது தன்முனைப்பைக் கணிப்பதுமுண்டு. நகைப்புக்குரியதாயினும் அது பயனற்ற அளவையன்று. ஆனால் படம் ஏன் அச்சிடப்படுகிறது என்பதை அவ்வளவை கேட்பதில்லை.

நம் எழுத்தாளரும் இதே வலையில் சிக்கியவர்களே. பண்டாரவன்னியன் 1803 ஓகஸ்ட் 25இல் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றினான். அவ்வாண்டு ஒக்டோபர் 31இல் கப்டன் வொன் டிறிபேர்க் அவனைக் கற்சிலைமடுவில் தோற்கடித்தான். அதற்கு முந்திய ஆண்டிலேயே இலங்கை முடிக்குரிய குடியேற்றநாடாகிவிட்டதனால் டிறிபேர்க் கும்பினியின் ஆள் அல்லன். ஆயினும் கும்பினி தொடங்கிய வேலையையே அவன் முடித்தான். அவ்விடத்தில் நாட்டப்பட்ட கல்லில் வென்றவன் பெயரும் தோற்றவன் பெயரும் நாளும் மட்டுமே பொறிக்கப்பட்டன. முல்லைமணியின் 'பண்டாரவன்னியன்' நாடகம் தொட்டு வன்னியின் மேடைகளில் இக்கதை பலமுறை நிகழ்ந்துள்ளது. அந்நாடகம் வன்னி மக்களுக்குத் தம் வரலாற்றை மீட்டுத்தந்த பணி போற்றத்தக்கது. அதில் இருகருத்துக்கு இடமில்லை. எனினும் மேடையில் வளர்ந்த மரபு தோல்விக்குக் காட்டும் காரணம் யாது? காக்கைவன்னியனின் துரோகம். ஒருவனின் வீரத்தால் வென்றோம், ஒருவனின் வஞ்சத்தால் தோற்றோம் என்று கதை முடிகிறது. இலாபத்தைத் தலைவனின் திறமைக்கும் நட்டத்தை அவனது செருக்குக்கும் கணக்கெழுதும் முகாமைத்துவ ஆய்வுக்கும் இதற்கும் அடிப்படையில் வேறுபாடில்லை. குளங்களின் கீழ் விளைந்த நெல்லை வன்னியனும் அரசும் எவ்வாறு பங்கிட முனைந்தனர், அப்பங்கீட்டில் குடியானவன் யாருக்காகப் போரிட்டான் என்ற வினா மேடைக்கு வருவதில்லை.

தனிமனிதரின் குணத்துக்கு எவ்விடமுமில்லை என்று நான் வாதிடவில்லை. அவ்வாறு வாதிடுவது இயந்திரவாதம். வரலாற்றில் தனிமனிதனின் பங்கு குறித்துப் பிளெகனோவ் 1898இல் எழுதிய கட்டுரை, தனிமனிதரின் தன்மைகள் நிகழ்ச்சிகளின் தனித்த முகத்தை மாற்றலாம், பொதுப்போக்கை மாற்றா என்று நிறுவ முற்பட்டது. ஹம்பிறிக்கும் 1987இல் பின்கெல்ஸ்ரீனுடன் சேர்ந்து எழுதியபோது, தலைவனுக்குச் செயற்சுதந்திரம் இருக்கும் அளவுக்கே அவனது குணம் பயன்படும் என்று தம் கோட்பாட்டைத் திருத்திக்கொண்டார். அச்சுதந்திரத்தை அளிப்பது யார், பறிப்பது யார் என்று ஒரு படி மேலே சென்றிருப்பின் அவர் பிளெகனோவின் வாசலுக்கே வந்திருப்பார். பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை 1980களில் போரினால் நின்றுபோனபோது அதன் தலைவரின் வயதும் கல்வியும் எதைச் செய்திருக்கக்கூடும்?

ஆயினும் பிளெகனோவிடமும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ஒருவன் இல்லாவிடில் அவ்விடத்தை இன்னொருவன் நிரப்பியிருப்பான் என்று அவர் சற்று இலகுவாகவே சொல்லிவிடுகிறார். யாழ்ப்பாண வைபவமாலையை எடுத்துக்கொள்வோம். மெக்கறா என்னும் ஒல்லாந்த அதிகாரி கேட்டுக்கொண்டதற்கிணங்க மயில்வாகனப் புலவர் அதனை இயற்றினார் என்பது மரபு. இந்நாட்டின் பழங்கதையை அறியவேண்டும் என்னும் ஆர்வம் கும்பினியின் கணக்கேட்டில் எழுதப்பட்ட தேவையன்று. நிலத்தின் உரிமையை அறிதல் ஆட்சிக்கு உதவும் என்று கூறலாம். எனினும் தோம்பு எழுதினால் அத்தேவை தீர்ந்துவிடும், வைபவமாலை வேண்டியதில்லை. வேறொரு அதிகாரி கேட்டிருப்பாரா என்பது ஐயமே. வைஸ்ற் கொன்றவர்களைப் பல்க் கொன்றிருக்கமாட்டார் என்பதும் அவ்வாறே. திசையை மாற்றாத நடையும் மிதிபட்டவனுக்கு ஒரு பொருட்டே. மார்க்சிய விமர்சகர் பலர் இதனைக் காணத் தவறியமையால்தான், நாவலில் வரும் தோட்டத்துரைகளையும் முதலாளிகளையும் ஒரே அச்சில் வார்க்கப்பட்ட பொம்மைகளாக ஏற்று, அவை சிறந்த பாத்திரங்கள் என்று பாராட்டவும் நேர்ந்தது. வர்க்கத்தின் ஆளுருவம் என்பது ஆளற்ற உருவம் என்று பொருள்படாது.

1795 ஒக்டோபரில் முல்லைத்தீவு ஆங்கிலேயரிடம் கையளிக்கப்பட்டது. 1799இன் முடிவில் கும்பினியே கலைக்கப்பட்டது. தேர்ந்த நிருவாகிகளும் நாகெலும் பேணாண்டும் எழுதிய அறிக்கைகளும் அதனைக் காக்கவில்லை. அவ்வறிக்கைகள் இன்னும் படிக்கப்படுகின்றன. கொழும்புக் கோட்டையில் அடைபட்டிருந்த வன்னிச்சியோ, பின்வருவோருக்கு எந்த அறிக்கையும் எழுதிவைக்கவில்லை. அவள் பெயரை நாம் அறிவதும் சிறைவைத்தவர்கள் தம் படையெடுப்பின் இடர்ப்பாட்டைக் கூறுமிடத்திலேதான்.