அகிரிக்கோலாவின் விடை

ஜெர்மானிய மருத்துவர் ஜார்ஜியஸ் அகிரிக்கோலா இலத்தீனில் யாத்த ‘டி ரே மெட்டாலிக்கா’ என்னும் சுரங்க நூல், அவர் மறைந்த பின், 1556இல் வெளிவந்தது. சுரங்கத்தைப் பழிப்போர் கூற்றை அவர் மறைத்தாரல்லர். வயல் பாழாகிறது, காடு அழிகிறது, கனிமம் கழுவிய நீர் ஓடைகளை நஞ்சாக்கி மீனை மாய்க்கிறது என முதற் பகுதியிலேயே எடுத்து வைக்கிறார், இந்நேர்மை போற்றத்தக்கது. விடையோ வலுவற்றது. உலோகம் ஈட்டும் பொருளால் மீனையும் பறவையையும் வேறிடத்தில் வாங்கிக் கொள்ளலாமாம்! மீனுக்கு விலை கூறினாரேயன்றி நஞ்சுக்கு விடை கூறினாரில்லை. அதுவும் ஒரு மருத்துவர்! மரம் வெட்டிய நிலத்தில் தானியம் விளைவித்து இழப்பை ஈடுசெய்யலாம் என்றும் வாதிடுகிறார். அந்நிலத்து மண்ணையும் நஞ்சு பற்றும் என்பது அவர் கணக்கில் இல்லை. ஈயமும் ஆர்செனிக்கும் இலைதழைபோல் மட்கி மறைவன அல்ல. அவர் பிறந்த சாக்சனியில், பிரைபர்க் வட்டாரத்து மண்ணில், பழைய சுரங்கக் கழிவும் உலைக் கழிவும் விட்டுச்சென்ற ஈயம், ஆர்செனிக், காட்மியம் ஆகியவை இன்றும் மிகுந்துள்ளன.