இடைநிலைப்பள்ளி மாணவரும் நாடக ஆய்வும்: மனோன்மணீயத்தை முன்வைத்து ஒரு மதிப்பீடு

முன்னுரை

இயல், இசை, நாடகம் எனத் தமிழை மூன்றாக வகுத்துப் பெருமை கொள்ளும் நாம், வகுப்பறையில் நாடகத் தமிழுக்கு அளித்துள்ள இடம் மிகச் சிறிது. மலேசிய இடைநிலைப்பள்ளிகளில் தமிழ் இலக்கியம் எஸ்.பி.எம். தேர்வுக்குரிய விருப்பப் பாடமாக உள்ளது. அதனைத் தேர்ந்தெடுக்கும் மாணவர் கவிதை, நாவல் ஆகியவற்றோடு நாடகமும் பயில்கின்றனர். ஆயின் அவர்கள் பயில்வது நாடகத்தையா, நாடகத்தைப் பற்றிய குறிப்புகளையா என்பது வினாவுக்குரியது. கதைச்சுருக்கம், கருப்பொருள், பாத்திரப்படைப்பு, உத்தி, படிப்பினை என்னும் ஐந்து தலைப்புகளுள் எந்த நாடகத்தையும் அடக்கிவிடும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. மாதிரி விடையை மனனம் செய்த மாணவர், நூலைத் திறவாமலே தேர்வில் தேறிவிட முடிகிறது. இன்று அத்தகைய விடையைக் கணினியே நொடிப்பொழுதில் எழுதித் தந்துவிடுகிறது. ஆகவே, இம்முறையின் பயனை மறுமதிப்பீடு செய்தல் இன்றியமையாததாகிறது.

பள்ளிப் பழக்கமும் பல்கலைக்கழகமும்

'ஆய்வு பல்கலைக்கழகத்துக்கு உரியது. பள்ளி மாணவருக்கு அது சுமை' என்பர் ஒரு சாரார். இக்கூற்றை நாம் ஏற்பதற்கில்லை. பள்ளியில் பழகாத ஒன்று பல்கலைக்கழக வாயிலில் திடீரெனத் தோன்றிவிடுவதில்லை. பட்டப்படிப்பு ஆய்வேடுகள் பலவும் 'பாத்திரப்படைப்பு – ஓர் ஆய்வு' என்ற தலைப்பில் பழைய ஐந்து தலைப்புகளையே விரித்துரைப்பதை நாம் காண்கிறோம். அவற்றை எழுதியவரே பின்னர் ஆசிரியராகி அதே குறிப்புகளை அடுத்த தலைமுறைக்கு வழங்குகின்றனர். இவ்வட்டத்தை எங்கேனும் ஓரிடத்தில் உடைத்தாக வேண்டும்.

மனோன்மணீயம் எழுப்பும் வினாக்கள்

பெ. சுந்தரம் பிள்ளை 1891இல் வெளியிட்ட மனோன்மணீயம் இதற்கு ஏற்ற நூலாகும். லிட்டன் பிரபுவின் 'இரகசிய வழி' என்னும் ஆங்கிலக் கதைப்பாடலைத் தழுவியது அது என்பதைப் பாடக்குறிப்புகள் அனைத்தும் கூறும், கூறிவிட்டு நகர்ந்துவிடும். ஆய்வு தொடங்க வேண்டிய இடமோ அதுவே. லிட்டனின் கதைக்களம் சித்தியரும் பாரசீகரும் வாழ்ந்த தொல்லுலகம். சுந்தரம் பிள்ளை அதனைப் பாண்டியன் சீவகனுக்கும் சேரன் புருடோத்தமனுக்கும் இடையிலான பூசலாக்கி, நாஞ்சில் நாட்டு உரிமையை அப்பூசலுக்குக் காரணமாக வைக்கிறார். ஏன் நாஞ்சில் நாடு? இவ்வொரு வினாவே மாணவரை நூலுக்குள்ளும் நூலுக்கு வெளியேயும் அழைத்துச் செல்லும். ஆசிரியர் திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியராகப் பணியாற்றியவர். கல்வெட்டுகளைக் கொண்டு திருவிதாங்கூர்ப் பண்டை மன்னரின் வரலாற்றை ஆராய்ந்தவர். நாஞ்சில் நாடு அன்று திருவிதாங்கூரின் ஆட்சிக்குட்பட்டிருந்த தமிழ் நிலம். 1956இல்தான் அது தமிழகத்துடன் இணைந்தது. இச்செய்திகளைத் தேடித் தொகுக்கும் மாணவர், தழுவல் என்பது பெயர் மாற்றம் மட்டுமன்று என்பதைத் தாமே உணர்வர்.

குடிலனின் பாத்திரமும் அத்தகையதே. 'குடிலன் சூழ்ச்சி மிக்கவன்' என்று எழுதுவது விடையாகாது. அது பெயரிலேயே உள்ள செய்தி. அவன் அரசன் முன் உரைப்பவற்றையும் தனிமொழியில் வெளியிடுபவற்றையும் இரு நிரல்களில் எழுதி ஒப்பிடச் செய்தால், சூழ்ச்சி எவ்வாறு சொல்லாகிறது என்பது புலப்படும். மேலும், 1942இல் மாடர்ன் தியேட்டர்ஸ் 'மனோன்மணி' எனத் திரைப்படமாக எடுத்தபோது, படிப்பதற்குரியதென்று கருதப்பட்ட ஒரு செய்யுள் நாடகம் பார்ப்பதற்குரியதாக மாறியது. இம்மாற்றமும் ஆய்வுக்குரியதே.

சான்றும் முடிபும்

மாணவர் கட்டுரைகளில் காணப்படும் பெருங்குறை, சான்றின் எல்லையைக் கடந்து முடிபு கூறுதல். தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசேசுவர நாடகம் நடிப்பதற்கு ஆண்டுதோறும் 120 கலம் நெல் வழங்கப்பட்டதை இரண்டாம் இராசேந்திரன் காலக் கல்வெட்டு தெரிவிக்கிறது. 'சோழர் காலத்தில் நாடக இலக்கியம் செழித்திருந்தது' என்று இதனைக் கொண்டு எழுதிவிடுகிறோம். ஆனால் அந்நாடகப் பனுவல் நமக்குக் கிடைக்கவில்லை. கல்வெட்டு நிறுவுவது ஒரு கோயில், ஒரு கலைஞர், ஒரு கொடை ஆகியவற்றை மட்டுமே. 'நாடகம்' என்ற சொல் அன்று கூத்தையும் குறித்திருக்கக் கூடும். இந்த நிதானத்தைப் பதினாறு வயதிலேயே பழக்கலாம். அதற்குப் பெரிய நூலகம் தேவையில்லை.

பினாங்கின் வாய்ப்பு

நம் மாணவர் தம் ஊரிலேயே நாடக வரலாற்றுடன் வாழ்கின்றனர் என்பதும் கருதத்தக்கது. 1870களில் இந்தியாவிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுக்கள் பினாங்கில் நடித்தன. அவற்றின் தாக்கத்தால் மலாய் பங்சாவான் அரங்கு உருவாயிற்று. 1885இல் மாமாக் புஷி தோற்றுவித்த குழு அதன் முன்னோடியாகக் கொள்ளப்படுகிறது. கெலுகோரில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பேராசிரியராக விளங்கிய டான் சூய் பெங் 1993இல் வெளியிட்ட நூல் இவ்வரலாற்றை விரிவாக ஆராய்கிறது. அதே பார்சி அரங்கின் காட்சித் திரைகளும் பாட்டு முறையும் தமிழகத்து மேடையையும் மாற்றின. சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்கள் வளர்ந்த சூழலும் அதுவே. ஒரே ஊற்றிலிருந்து மலாய் அரங்கும் தமிழ் அரங்கும் பெற்றவை யாவை, தவிர்த்தவை யாவை என்பது பினாங்கு மாணவர் கேட்கத்தக்க வினா. சிங்கப்பூர்த் தேசிய நூலகம் மின்வடிவில் வழங்கும் பழைய நாளிதழ்களில் நாடக விளம்பரங்களை அவர்களே தேடலாம். மனோன்மணீயத்தின் மூலமும் மதுரைத் திட்டத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

எழுத்துப் பயிற்சி

இதனை ஒரு தவணைக்குள் அடக்குவது இயலும். முதற்கண் மாணவர் ஒரு களத்தை மட்டும் வாய்விட்டுப் படித்து, தமக்கு விளங்காத ஒன்றை வினாவாக எழுதுதல் வேண்டும். அடுத்து, நூலகத்திலிருந்து ஒரு சான்றும் நூலின் அகத்திலிருந்து இரு சான்றுகளும் திரட்டல். இறுதியாக, இரண்டு பக்கங்களில் எழுதுதல்: வினா, சான்று, சான்றின் எல்லை, தம் முடிபு. காளிதாசரின் சாகுந்தலத்தை 1907இல் தமிழாக்கிய மறைமலையடிகள், பின்னர் அந்நாடகத்தையே தனி நூலில் ஆராய்ந்தார். மொழிபெயர்ப்போடு நில்லாமல் நாடகத்தை ஆராய்ந்து எழுதும் மரபு நமக்கு அயலானதன்று என்பதற்கு இதுவே சான்று.

முடிவுரை

தேர்வுச் சுமையும் நேரமின்மையும் ஆசிரியர்க்கு உள்ள உண்மையான இடர்கள். அவற்றை நாம் மறுக்கவில்லை. எனினும், மனனத்தால் பெறும் சிறப்புத் தேர்ச்சி தமிழ் இலக்கியப் பாடத்தைக் காப்பாற்றும் எனக் கருதுவது பிழை. வினவுதற்கு எதுவுமில்லாத பாடத்தை அறிவார்வமுள்ள மாணவர் விரைவில் கைவிடுவர். எனவே, ஆசிரியர் பயிற்சியில் ஈடுபட்டுள்ள பல்கலைக்கழகத் துறைகள், ஐந்து தலைப்பு ஆய்வேடுகளை ஏற்பதை முதலில் நிறுத்துதல் வேண்டும். வருங்கால ஆசிரியர் ஒரு நாடகத்தையேனும் தாமே வினவிக் கற்றிருந்தால், வகுப்பறையில் அவர்தம் மாணவரும் வினவுவர்.