இரண்டு துளை போதும்

மூவாரில் வீட்டு அறையில் பாட்டுப் பதிய ஆசைப்படுகிறவரின் கண் முதலில் மிக்சர் மேல்தான் போகும். எத்தனை குமிழ், எத்தனை நிறம்! கோயில் திருவிழா உறுமி மேளத்துக்கு அது வேண்டும்தான். ஆனால் யமஹா எம்ஜி10எக்ஸ்யூ போன்றவை யூஎஸ்பி வழியே கணினிக்கு அனுப்புவது, கலந்து முடித்த இரண்டு தடங்களை மட்டுமே. குரலோடு உறுமி கலந்துபோனால் பிறகு பிரிப்பது பெரும்பாடு.

ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 என்ற ஆடியோ இன்டர்ஃபேஸ் பார்க்கச் சாது. இரண்டே மைக் துளை. இரண்டும் தனித்தனித் தடமாகப் பதிவாகும். கண்டென்சர் மைக்குக்கு 48 வோல்ட்டும் தரும். தனியாகப் பாடுகிறவருக்கு என் ஓட்டு இதற்கே. மிச்சக் காசில் பழைய மெத்தை வாங்கி, அறையின் எதிரொலி அடங்கச் சுவரில் சாத்தலாம். மரச்சாமான் தொழிலுக்குப் பேர்போன ஊரில் அதற்கா பஞ்சம்? தகரக் கூரையில் மழை கொட்டினால் மட்டும் எந்தப் பெட்டியும் உதவாது.